பவளத்துக்கு ஊட்டிய பொங்கல்

"இந்த மாட்ட நீங்களே வெச்சுக்கோணுங்க அம்மா. மாடு வளக்குற யோக்கியதை எனக்கில்லீங்க."

செங்கோடன் இதைச் சொன்னபோது பட்டியம்மா ஒரு கிழட்டு எருதின் குளம்பிடுக்கிலிருந்து வேலமுள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கயித்த அந்த வேம்புல கட்டுங்ணா."

கட்டினான். சினை மாடு. வயிறு கீழே இறங்கி, மடி விட ஆரம்பித்திருந்தது. கன்று போட அதிக நாள் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பேரு சிட்டுங்க," என்றான்.

முள் வந்துவிட்டது. அம்மா அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, முனை முறியாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். காயத்தில் வேப்பெண்ணெய் வைத்து எருதின் காலை மெல்லக் கீழே விட்டாள். அதன் பிறகுதான் செங்கோடன் பக்கம் திரும்பினாள்.

"யோக்கியதை இல்லீன்னு ஆரு சொன்னா?"

"நாந்தானுங்க சொல்றேன்."

"செரி," என்றாள். அடுத்த மாட்டுக்குப் போய்விட்டாள்.

*

மலையடிவாரத்தில் கிளுவைச் செடியால் வேலி போட்ட ஒரு மேய்ச்சல் காடு. அதற்குள் ஒரு பட்டி. கண் தெரியாத மாடு, இடுப்பு ஒடிந்த மாடு, சினை பிடிக்காத மாடு, வயசாகி யாருக்கும் வேண்டாமல் போன மாடு எல்லாம் அங்கே இருந்தன. அவற்றோடு அவள் ஒருத்தி. அதனால் பட்டியம்மா.

எங்கிருந்து வந்தாள் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை இருந்தது. எதையும் நம்புவதற்கில்லை. வயது நாற்பது இருக்கலாம். தன்னைவிடப் பெரிய ஆண்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பதிலுக்கு அவளை அம்மா என்பார்கள். இதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞானம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சாணிக்கூடை சுமந்துவிட்டுப் போனார்கள். வாழ்க்கையின் பொருள் என்ன என்று கேட்ட ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம், "அந்தக் கன்னுக்குக் காதுல உண்ணி இருக்குது, எடுங்க" என்றாளாம். அவர் எடுத்தாரா, காரில் ஏறிவிட்டாரா என்பது தெரியவில்லை.

செங்கோடன் ஞானம் கேட்டு வரவில்லை. மாட்டை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்றுதான் வந்தான். ஆனால் கால் கிளம்பவில்லை. வேம்பின் நிழலில் உட்கார்ந்துவிட்டான். மாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

வெயில் சாய்ந்த பிறகு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஊடு தூரமுங்களா?"

"ஆத்துக்கு அக்கட்டால, மேட்டுத்தோட்டமுங்க."

"அம்புட்டுத் தூரம் நடத்தியா கூட்டியாந்தீங்க?"

"நின்னு நின்னு வந்தமுங்க. மூச்சு வாங்குனா நெழல்ல நிறுத்திக்குவேன்."

"ஊட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

செங்கோடன் தரையைப் பார்த்தான்.

"பாவாயி எங்கூடப் பேசறதில்லீங்க. பொங்கல் நோம்பியிலிருந்து ஒரு வார்த்தை இல்ல."

பாவாயி அவன் மனைவி.

"என்ன ஆச்சுங்ணா?"

கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அவன் கொட்டிவிட்டான்.

*

சிட்டுவின் தாய் பவளம். பவளம் பிறந்த சில நாளிலேயே அதன் தாய்ப்பசு பாம்பு கடித்துச் செத்துப்போனது. செங்கோடன்தான் புட்டியில் பால் ஊட்டி வளர்த்தான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அவன் வீட்டுக்குள் பேசுவதைவிடத் தொழுவத்தில் பேசுவதுதான் அதிகம். பாவாயி இதைச் சொல்லிக் கேலி செய்வாள். அப்போதெல்லாம் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

மாட்டுப் பொங்கலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். தொழுவத்துக்கு முன்னால் சாணியால் கரை கட்டி, தண்ணீர் ஊற்றி, சின்னதாக ஒரு தெப்பக்குளம் அமைப்பார்கள். அதற்குப் பூசை போட்டு, மாடுகளை அதைத் தாண்டி ஓட்டுவார்கள். புதுப்பானைப் பொங்கலில் முதல் உருண்டை மாட்டுக்கு. மாடு தின்ற பிறகுதான் வீட்டில் யாரும் வாய் வைக்கலாம்.

மற்ற மாடுகளுக்கு ஒவ்வோர் உருண்டை கொடுத்தான். பவளத்துக்கு மட்டும் அதோடு நிறுத்தவில்லை. மகளின் மாமனார் வீட்டார் நோம்பிக்கு வந்திருந்ததால் பெரிய பானையில் பொங்கியிருந்தார்கள். வெல்லமும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து, உருட்டி உருட்டி ஊட்டினான். பானை காலியாகிவிட்டது.

"வெடியால போயிப் பாத்தா எந்திரிக்கலீங்க. அசை போடல. மூக்கு காஞ்சு கெடக்குது. பொறத்தால புளிச்ச நாத்தத்தோட கழிஞ்சுக்கிட்டு இருக்குது. டாக்டரு வந்தாரு. என்ன போட்டீங்கன்னு கேட்டாரு. பொங்கல்னேன். நெத்தியில கைய வெச்சுக்கிட்டாருங்க."

"என்ன சொன்னாரு?"

"மாட்டு வயிறு சோளத்தட்டுக்கும் புல்லுக்கும் ஆனதுன்னாரு. சோறு அத்தனை போனா உள்ள புளிச்சுப்போயி, அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறிப்போகுமாமுங்க. சோடா உப்பக் கரைச்சு ஊத்துனாரு. கழுத்து நரம்புல பாட்டல் பாட்டலா ஏத்துனாரு. நோம்பிக்குப் போகாம கூடவே இருந்தாருங்க, நல்ல மனுசன்."

"சோறு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க." செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கொஞ்சம்னா ஒண்ணும் பண்ணாதுன்னு இருந்துட்டேன்."

அம்மா காத்திருந்தாள்.

"சாவற வரைக்கும் என்ற மடியிலதான் தல வெச்சிருந்தா. ஆசையா ஊட்டுனனுங்க அம்மா. பெத்த புள்ளைக்கு ஊட்டற மாதிரி ஊட்டுனேன். ஆசையாக் குடுத்தது எப்படீங்க நஞ்சாச்சு?"

பட்டியம்மா எழுந்தாள்.

"பசிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

*

இலை போட்டாள். சோறும் பச்சைப்பயறு கடைசலும் வைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் செங்கோடன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டான். இன்னொன்று வந்தது.

"போதுமுங்க."

வைத்தாள்.

"அம்மா, போதுமுங்க."

வைத்தாள். சாமியாரம்மா கையால் வைத்ததை மிச்சம் விடக்கூடாது என்று தின்றான். வேட்டி முடிச்சைத் தளர்த்திக்கொண்டான். மறுபடியும் கரண்டி வந்தது. இலையின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே வைத்தான். அவள் கைகளின் மேலேயே சோற்றைக் கொட்டினாள்.

"போதும்னு சொல்றனில்லீங்க!"

கத்திவிட்டான். கத்திய பிறகு அவனுக்கே பயமாகிவிட்டது.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பானையை மூடினாள்.

"கைய அங்க கழுவிக்கோங்ணா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கை கழுவும்போது செங்கோடனுக்குச் சட்டென்று உறைத்தது. நெஞ்சில் கிடந்த பாறையை யாரோ கொஞ்சம் நகர்த்தியது போல் இருந்தது. ஈரக்கையோடு ஓடினான்.

"புரிஞ்சுபோச்சுங்க அம்மா! எனக்கு வாய் இருக்குது, போதும்னு சொல்லிப்போட்டேன். பவளம் வாயில்லாத சீவன். சொல்லத் தெரியாமத் தின்னுபோட்டுச்சு. அதானுங்களே?"

பட்டியம்மா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்படீங்களா?" என்றாள்.

சாணிக்கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வேறு குருவாக இருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்து, திருநீறு பூசி அனுப்பிவைத்திருப்பார். கதையும் இங்கேயே முடிந்திருக்கும். செங்கோடனுக்கும் அந்த ஆசை இருந்தது. கூடையைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. பேசாமல் சாணி அள்ளினான்.

*

பொழுது இறங்கியதும் அம்மா மாடுகளுக்குத் தீனி வைக்க ஆரம்பித்தாள். சோளத்தட்டு, கொஞ்சம் கடலைக்கொடி. பல் போன எருதுக்குத் தட்டைப் பொடியாக நறுக்கி வைத்தாள். கண் தெரியாத பசுவுக்கு முதலில் மூக்கருகே உரசிக் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள். இடுப்பு ஒடிந்தது தலையைத் தூக்காமல் தின்னும்படி அதன் தாடைக்குக் கீழேயே பரப்பிவிட்டாள். ஒன்றுக்கு வைத்த அளவு இன்னொன்றுக்கு வைக்கவில்லை.

சிட்டுவைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறந்துவிட்டாள் என்று செங்கோடன் நினைத்தான்.

"அம்மா, சிட்டுக்கு வெக்கலீங்க."

"ஆமாங்ணா."

"பசியோட நிக்குதுங்க."

"ஆமாங்ணா."

"நீங்க வெக்கமாட்டீங்களா?"

"அது உங்க மாடு."

"உங்களுக்குக் குடுத்துட்டனுங்களே!"

"குடுத்தீங்க. நான் வாங்கலீங்களே."

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நான் கெளம்பறனுங்க. நான் போயிட்டா நீங்க வெச்சுத்தானே ஆகோணும்."

"கெளம்புங்க. போனதும் கயித்த அவுத்துடறேன். உங்க பொறத்தாலயே வரும்."

அவன் வேலிப் படல் வரைக்கும் போனான். அங்கேயே நின்றான். வயிற்றைச் சுமந்துகொண்டு ஆற்றுமணலில் தனியாக நடந்து வரும் மாட்டை நினைத்துப் பார்த்தான். திரும்பி வந்தான்.

தட்டுப்போர் பக்கத்திலேயே இருந்தது. ஒரு பிடி உருவிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? செங்கோடன் போர் வரை நடந்தான். கையை நீட்டினான். பொங்கல் உருண்டை உருட்டிய கை அது. தட்டுதானே, சோறில்லையே என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. தன் கையிலிருந்து எது போனாலும் சிட்டுவும் செத்துப்போகும் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் பிறகு தொழுவ வேலை முழுவதையும் பாவாயியே செய்ததற்கும் இதுதான் காரணம்.

"முடியலீங்க அம்மா. என்ற கை எமன் கைங்க."

"அப்படின்னா நிக்கட்டும்."

"நெற மாசச் சினைங்க!"

"தெரியுதுங்ணா."

"கன்னு போட்டா என்னங்க பண்றது?"

"நீங்க சொல்லுங்க. என்ன பண்ணோணும்?"

"மொதல்ல மூக்கையும் வாயையும் தொடச்சு மூச்ச வரவெக்கோணும். தொப்புள்கொடிய அறுத்து மருந்து வெக்கோணும். எந்திரிச்சு நின்னதும் சீம்பால் குடிக்க உடோணும். நஞ்சுக்கொடி உழுகற வரைக்கும் காத்திருக்கோணும், இழுக்கக்கூடாது."

"எல்லாந் தெரியுதே."

"தெரிஞ்சு என்னங்க பண்றது?" என்றான் செங்கோடன். "தெரிஞ்சவன்தானுங்க பானையத் தூக்கிக்கிட்டுப் போனேன்."

சிட்டு கத்தியது. அவனைப் பார்த்துத்தான் கத்தியது. தொட்டித் தண்ணீர் மட்டும் அதற்கு எட்டியது. அதைக் குடித்துவிட்டு மறுபடி கத்தியது. கல்நெஞ்சுக்காரி என்று பட்டியம்மாவை மனதுக்குள் திட்டினான். சாமியாரம்மாவாம், சாமியாரம்மா! பாவாயியாக இருந்தால் இப்படி ஒரு மாட்டைப் பட்டினி போடுவாளா? கிளம்பும்போது பாவாயி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கே ஓட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பியிருப்பான். அவள் திட்டியிருந்தால், சாபம் விட்டிருந்தால்கூட அவனால் அந்த வீட்டில் இருந்திருக்க முடியும்.

கத்திக் கத்திச் சிட்டு படுத்துக்கொண்டது. செங்கோடனும் படுத்தான். இரண்டு பேரும் தூங்கவில்லை.

*

விடிந்ததும் பட்டியம்மா அவனைக் கூப்பிட்டாள்.

"வாங்ணா, ஒரு சுத்துச் சுத்தி வருவோம்."

ஒவ்வொரு மாட்டிடமும் நின்றாள். முதலில் சாணியைப் பார்த்தாள். பிறகு மூக்கில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் குழியில், மூடிய கையை வைத்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. செங்கோடன் பயபக்தியோடு தள்ளி நின்றான்.

"என்ன மந்திரமுங்க அம்மா?"

"மந்திரமா? வயிறு பொரளுதான்னு எண்ணறேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். நீங்களும் வெச்சுப் பாருங்க."

கிழட்டு எருதின் குழியில் கையை வைத்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எடுக்கப் போனான்.

"பொறுங்க."

பொறுத்தான். உள்ளே ஏதோ மெதுவாகத் திரண்டு எழும்பி, அவன் கையைத் தள்ளிவிட்டு அடங்கியது. கொஞ்சம் கழித்து மறுபடியும் எழும்பியது. ஆட்டுக்கல்லில் மாவு புரளுவது போல் இருந்தது. இத்தனை வருஷம் மாட்டோடு கிடந்தும் இதை அவன் தொட்டுப் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. சிரிப்புக்கூட வந்தது.

அப்போதுதான் பவளத்தின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. பொங்கலுக்கு மறுநாள் காலை டாக்டர் சொல்லி அவன் அதே இடத்தில்தான் கையை வைத்தான். இறுகிக் கிடந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் ஒன்றும் எழும்பவில்லை.

கையைச் சுட்டது போல் எடுத்துக்கொண்டான். எருதின் முதுகில் முகத்தை வைத்து அழுதான். யார் முன்னாலும் அழாதவன். எருது அசையாமல் நின்று கொடுத்தது.

"எனக்கு ஒரு தண்டனை குடுங்கம்மா."

"எதுக்கு?"

"கொன்னதுக்கு."

"கொல்லோணும்னா ஊட்டுனீங்க?"

"அய்யோ, இல்லீங்க!"

"பொறவு எதுக்குத் தண்டனை?"

செங்கோடன் எருதின் முதுகிலிருந்து முகத்தை எடுத்தான்.

"அப்ப மன்னிச்சேன்னு ஒரு வார்த்தையாவது சொல்லுங்க. அதைக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"அது எங்கிட்ட இல்லீங்ணா."

"ஆருகிட்டங்க இருக்குது?"

"வெச்சிருந்தது செத்துப்போச்சு."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இரக்கமாகவும் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வது போல் சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்தாள்.

செங்கோடன் அப்படியே குந்திவிட்டான். வந்ததே தப்பு என்று தோன்றியது. வீட்டிலும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை. தானும் செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைத்தான். நினைப்பு ஒன்றும் புதிதில்லை, பொங்கலிலிருந்து கூடவே வருவதுதான். ஆனால் இன்று அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எதிரே சிட்டு நின்றது. அது இப்போது கத்தவில்லை. தலையைத் தொங்கப்போட்டு, கயிறு எட்டிய வரைக்கும் கழுத்தை நீட்டி, உதிர்ந்த வேப்பஞ்சருகை நக்கிக்கொண்டிருந்தது. கசப்பைத் துப்பத் தெரியாமல் மென்றது.

தான் செத்தாலும் இது பசியோடுதான் நிற்கும் என்று அவனுக்குப் பட்டது.

எழுந்தான்.

*

போரிலிருந்து தட்டை உருவினான். பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் உருவினான். பூசணம் பிடித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தான். அரிவாளை எடுத்து நறுக்கினான். கூடையில் போட்டான். அதிலும் பாதியை எடுத்துத் தனியே வைத்தான். மிச்சத்தைச் சிட்டுவின் முன்னால் வைத்துவிட்டு, வெடிக்குத் திரி பற்றவைத்தவன் போல் பின்னால் ஓடி நின்றான்.

சிட்டு தின்றது.

அவன் அதன் தொண்டையைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். கால்களைப் பார்த்தான். மாடு விழவில்லை. காதை ஆட்டிக்கொண்டு தின்றது. தட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

இன்னும் கொஞ்சம் நறுக்கினான். வைத்தான். காய்ந்த வயிற்றில் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டக்கூடாது என்பதால் இடைவெளி விட்டு விட்டு வைத்தான். முகத்தில் வேர்வை வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். சிட்டுவின் மூச்சு அவன் முழங்கையில் பட்டது.

சிட்டு தின்பதை நிறுத்தியது. தலையைத் தூக்கி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

கூடையில் இன்னும் தட்டு இருந்தது. செங்கோடன் தன்னை அறியாமல் ஒரு கை அள்ளினான். எழுந்து சுற்றிப் போய் அதன் வாயருகே நீட்டினான். பேரைச் சொல்ல வாயைத் திறந்தான்.

பேர் வெளியே வரவில்லை.

நீட்டிய கை நீட்டியபடி நின்றான். தட்டுத் துண்டுகள் விரலிடுக்கில் நழுவி விழுந்தன. வேலி ஓரத்திலிருந்து பட்டியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, விழுந்ததைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். கூடையைத் தூக்கிக்கொண்டு போர்ப் பக்கம் நடந்தான்.

அம்மா எதிரே வந்தாள்.

"கூடையில மிச்சம் இருக்குதே. ஏன் எடுத்துட்டீங்க?"

"அவளுக்கு வேண்டாமுங்க."

"சொன்னாளா?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளுங்க."

"வாயில்லாத சீவன்னீங்களே."

செங்கோடன் கூடையைக் கீழே வைத்தான். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பவளமும் திருப்பிக்கிட்டாங்க அம்மா."

கூடையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"பானையில பாதி இருக்கையிலயே திருப்பிக்கிட்டா. உருண்டைய மூக்கால தள்ளியுட்டா. சம்மந்தி பாத்துக்கிட்டு நின்னாரு. மாட்டுக்குப் போதும் போல இருக்குதுங்களேன்னு சிரிச்சாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு. நாஞ் சொன்னாத் தின்னுவா பாருங்கன்னேன்."

"பொறவு?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி வந்து தின்னா. மறுக்காவும் திருப்பிக்கிட்டா. மறுக்காவும் கூப்பிட்டேன். வந்தா. பானை தீர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தனுங்க. கூப்பிட்டப்பெல்லாம் வந்தாளுங்க."

மூக்கைத் துண்டால் துடைத்தான்.

"டாக்டரு கிட்டக்கூட இதைச் சொல்லலீங்க. பாவாயிகிட்டச் சொல்ல வேண்டியதே இல்ல. அவ பக்கத்துலதான் நின்னா."

பட்டியம்மா சிட்டு நின்ற பக்கம் பார்த்தாள்.

"தொட்டியில தண்ணி தீந்துபோச்சுங்ணா," என்றாள். "ஊத்தி வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. கூப்பிடாதீங்க."